நான்காவது ஆளுக்குச் சான்று தேவை

சுடலைவடிவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அவன் பெயர் உண்மைவிளம்பி. ஆணா பெண்ணா, கிழமா குமரா, எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. இணையக் கலைக்களஞ்சியத்தில் 'கரிப்பு (இசைக்குழு)' என்ற கட்டுரையில் வடிவு ஒரு வரியைச் சேர்ப்பாள். அந்த மகராசன் வந்து அதைத் தூக்குவான். வருஷக்கணக்காக இதே கூத்து. வரியும் பெரிய வரி இல்லை: 'இக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் ஜெபக்கனி.' தூக்கிய கையோடு அவன் எழுதிவைக்கும் காரணமும் மாறாது: 'போதிய சான்று இல்லை.'

"கட்டையில போறவன், இவனுக்கு வேற சோலியே இல்லையா?" என்று வடிவு கணினியைப் பார்த்துத் திட்டுவாள். அவளுக்கு மட்டும் வேறு சோலி இருந்ததா என்று கேட்கக் கூடாது. தூத்துக்குடி பொன்மாரி மகாலில் அவள் மேலாளர். கல்யாண மண்டப மேலாளருக்கு முகூர்த்த நாளில் தலைக்கு மேல் வேலை, மற்ற நாளில் ஈ ஓட்டுகிற வேலை. ஓட்டுகிற ஈயை விட்டுவிட்டு அவள் களஞ்சியத்தில் கட்டுரை எழுதினாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதினாள். 'கரிப்பு' கட்டுரையைச் சிறப்புக் கட்டுரை என்று முதல் பக்கத்திலேயே போட்டார்கள். அன்றைக்கு மண்டபத்து ஊழியர்கள் எல்லோருக்கும் கேசரி கிடைத்தது.

கரிப்பு என்பது உப்பளத்துக்காரர் வீட்டுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திய ராக் குழு. கிட்டாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு மாமியாரையும் முதலாளியையும் வராத குடிதண்ணீரையும் வாய் நிறையத் திட்டிப் பாடுவார்கள். வடிவு பாவாடை கட்டிய வயதில் மாதா கோயில் திருவிழாவில் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று அவர்களைப் பார்த்திருக்கிறாள். பாடியவள் ஃப்ளோரா. கிட்டார் ரஹ்மத் நிஷா. பேஸ் கிட்டார் செண்பகா. பின்னால் டிரம்ஸ் குவியலுக்குள் நான்காவதாக ஒருத்தி. தலைமுடியும் இரண்டு குச்சிகளும்தான் தெரிந்தன. பெயர் ஜெபக்கனி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஆனால் அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து இடித்தது. அன்றிலிருந்து வடிவுக்குக் கரிப்பு என்றால் அந்த நான்காவது ஆள்தான்.

ஆனால் கண்ணால் பார்த்தது களஞ்சியத்தில் செல்லாது. யாராவது, எங்கேயாவது, அச்சில் எழுதியிருக்க வேண்டும். மூன்று பேரைப் பற்றி எக்கச்சக்கமாக எழுதியிருந்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு மேடையின் முன்பக்கம் மட்டும்தான் கண் தெரியும் போல. டிரம்ஸ்காரியைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் கட்டுரையில் மூவருக்கும் தனித்தனிப் பகுதி, நான்காமவளுக்கு ஒன்றும் இல்லை. அதன் பலனை மேடையில் பார்க்கலாம்.

அது என்ன பலன் என்பதை, மகள் கல்யாண வரவேற்புக்கு மண்டபம் பேச வந்த தவசிமுத்து அண்ணாச்சிக்கு வடிவு ஒருநாள் விளக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி உப்பு ஏற்றுமதிக்காரர். கப்பலே வைத்திருக்கிறார் என்பார்கள்.

"அந்தக் கரிப்புப் பிள்ளைகள் கச்சேரிதான் வேணும்னு மக ஒத்தக்கால்ல நிக்கா. அவங்கள்லாம் உசுரோட இருக்காங்களா?"

"இருக்காங்க அண்ணாச்சி. ஆனா வாரது அவங்க இல்ல, நகல். மறுவரவுன்னு ஒரு கம்பெனி செய்யுது. மேடையில வெளிச்சமாத்தான் நிக்கும், தொட்டா கை உள்ள போயிரும். மத்தபடி இருபத்தஞ்சு வயசுல எப்படி இருந்தாங்களோ அப்படியே பாடும், பேசும், நீங்க கேட்டா பதில் சொல்லும்."

"நம்ம சொல்லுத பாட்டப் பாடுமா?"

"களஞ்சியத்துல அவங்கள எப்படி எழுதியிருக்கோ அப்படித்தான் நடக்கும். செத்துப்போன தலைவர்மார நகல் எடுத்து ஓட்டுக் கேக்க வச்சாம்லா, அந்தக் கேஸ்ல கோர்ட்டு சொல்லிருச்சு. யார் வேணும்னாலும் வந்து சண்டை போட்டுத் திருத்துத இடம் களஞ்சியம் ஒண்ணுதான். அதுல உள்ளதத் தவிர ஒரு சொல்லக்கூட நகலுக்குள்ள ஏத்தக் கூடாது. இன்னைக்கு அங்க ஒரு வரி மாறுனா நாளைக்குக் காலையில நகலும் மாறிரும்."

"புடிக்காத மாதிரி ஏதும் செஞ்சா கம்பெனிக்காரன் நிறுத்திருவாம்லா?"

"நிறுத்துனா அவன் தொலைஞ்சான். தனக்குப் புடிக்கலைன்னு பாதியில அணைச்சா அது கை வச்ச மாதிரி. கோர்ட்டுக் கணினி பாத்துக்கிட்டே இருக்கும். அந்த நிமிஷமே உரிமம் போயிரும்."

"அப்ப எழுதுதவன் கையிலதான் எல்லாம் இருக்குன்னு சொல்லு."

வடிவு நெளிந்தாள். "அந்தக் கட்டுரைய எழுதுனதே நாந்தான் அண்ணாச்சி."

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப பந்திக்கு நீயே பொறுப்பு" என்றார். என்ன கணக்கு என்று அவருக்குத்தான் தெரியும்.

ஆக, நகல் மேடை ஏறும்போது மூன்று பெண்கள்தான் வருவார்கள். டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்து தாளம் போடும். வடிவு எத்தனையோ வரவேற்புகளில் அந்தப் பெட்டியைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். அரிசி ஆலை மாதிரி ஒரே சீராக அது தட்டும்போது, எழுந்து போய் அதன் மேல் சாம்பார் வாளியைக் கவிழ்க்கலாமா என்று இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நல்ல நாளில் புதையல் கிடைத்தது. மாவட்ட நூலகத்தில் கட்டுப்போட்டுக் கிடந்த பழைய வார இதழ் ஒன்றில் ஜெபக்கனியின் பேட்டி, இரண்டு பக்கம், படத்தோடு. படத்தில் முகத்தை மறைத்து முடிதான் இருந்தது, இருந்தால் என்ன. வடிவு நூலகத்திலேயே உட்கார்ந்து ஜெபக்கனிக்கு என்று தனிப் பகுதி எழுதினாள். உண்மைவிளம்பி வழக்கம்போலத் தூக்கினான். வடிவு மறுபடி போட்டாள். வார இதழெல்லாம் நம்பத்தகுந்த சான்று ஆகாது என்றான். ஆகும் என்று அவள் விதிமுறைகளை வரிசையாக எடுத்து அவன் தலையில் போட்டாள், கூடவே 'மாட்டு மூளை' என்றும் ஒரு வார்த்தை. பேச்சுப் பக்கம் மீன் சந்தை ஆயிற்று. நிருவாகிகள் வாக்கெடுப்பு வைத்தார்கள். வடிவு ஜெயித்தாள். கடைசியாக அவன் எழுதியது இரண்டே சொல்: 'தயவுசெய்து வேண்டாம்.'

அதைப் படம் பிடித்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். மறுபடியும் கேசரி.

அந்த வாரமே ஒரு முற்பகலில் கனியக்கா மண்டபத்துக்கு வந்தாள். கனியக்கா 'நியூ தென்றல்' மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவள். நகல் கூப்பிட வசதியில்லாத கல்யாணங்களில் நியூ தென்றல்தான் வாசிக்கும். வடிவே எத்தனையோ தடவை ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறாள். கச்சேரி முடிந்து இரண்டு பேரும் சமையல்கட்டுப் பின்னால் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஒட்ட வெட்டிய நரைத்த தலை, பெரிய கை, குறைவான பேச்சு. கனியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முழுப்பெயர் என்ன என்று யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

கனியக்கா செல்பேசியை மேசைமேல் வைத்தாள். மறுவரவு நிறுவனத்தின் அறிவிப்பு. 'தங்களது நகல் தயாராகிவிட்டபடியால், மூலநபராகிய தாங்கள் இனிப் பொதுவெளியில் வாசித்தலோ தாளமிடுதலோ கூடாது.' மேலே பெயர்: ஜெபக்கனி.

வடிவு இரண்டு தடவை படித்தாள். பிறகு கனியக்காவின் கைகளைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களா?"

"நாந்தான்."

"சொல்லவே இல்லையே. இத்தன வருஷமா பக்கத்துலயே இருந்துக்கிட்டு."

"சொன்னா நீ எழுதிருவியே."

"அதுல என்னக்கா தப்பு? ஊரே உங்கள மறந்துருச்சேன்னு நான் எவ்வளவு..."

"ஏட்டி வடிவு, களஞ்சியத்துல ஒருத்தருக்குன்னு தனிப் பகுதி வந்துட்டா அவங்க பொது ஆளுமை. பொது ஆளுமைய நகல் எடுக்கதுக்கு யாரையும் கேக்க வேண்டாம். நகல் வந்த பொறவு ரெண்டு குரல் இருந்தா ஊர் குழம்பிருமாம். அதனால மூலநபர் வாய மூடிக்கிடணும். இதுவும் அதே கோர்ட்டு, அதே தீர்ப்புதான். நீ பாதிவரைக்கும் படிச்சிட்டு விட்டுட்ட."

"அப்ப ஃப்ளோரா..."

"அவ பஸ்ல சன்னலோரமா முணுமுணுத்ததுக்குக் கம்பெனிக்காரன் ஆள் அனுப்புனான். இப்ப அடுப்படியிலகூடப் பாட மாட்டா, பயம். நிஷா கிட்டாரை வித்துட்டா. செண்பகா யாரு கூடவும் பேசுதது இல்ல. உன் கட்டுரை முதல் பக்கத்துல வந்த வருஷம் நடந்தது இதெல்லாம்."

கேசரி போட்ட வருஷம்.

"எம் பேரு மட்டும் இல்லாமக் கிடந்துச்சு. கும்பிடாத சாமியக் கும்பிட்டேன். நீ போடப் போட அழிச்சுக்கிட்டே வந்தேன்."

"அழிச்சது உண்மைவிளம்பில்லா?" என்று கேட்ட பிறகுதான் வடிவுக்கு உறைத்தது. "அய்யோ அக்கா."

"தன்னப் பத்தித் தானே எழுதக் கூடாதுன்னு விதி. தன்ன அழிக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல. மாட்டு மூளைன்னு எழுதியிருந்தல்லா. பரவால்ல."

வடிவு அழுதாள். மூக்கு ஒழுக, சத்தம் போட்டு, பந்திக்குப் பாத்திரம் கழுவுகிறவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி அழுதாள். கனியக்கா சமாதானம் சொல்லவில்லை. "வாசிக்காம என்னால இருக்க முடியாதுட்டி" என்று மட்டும் சொன்னாள். "செத்துருவேன்னு கதையெல்லாம் சொல்ல மாட்டேன். இருப்பேன். சும்மா இருப்பேன். அத நினைச்சாத்தான் பயமா இருக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்ட வடிவு முதலில் செய்தது, தான் எழுதிய பகுதியைத் தானே நீக்கியது. நீக்கிய மறுகணமே களஞ்சியத்தின் தானியங்கி அதைத் திரும்பப் போட்டது. மறுபடி நீக்கினாள். ஒரு நிருவாகி வந்து, 'சான்றுள்ள தகவலை நீக்குவது விஷமத் தொகுப்பு' என்று எச்சரித்தார். மூன்றாவது தடவை அவளை ஒருநாள் முடக்கிவைத்தார்கள். அவள் கொண்டுவந்த சான்று அவ்வளவு உறுதியான சான்று. வாக்கெடுப்பில் அவள் பேசிய பேச்சு அவ்வளவு நல்ல பேச்சு. அதையே எடுத்து அவளுக்குப் பதிலாகப் போட்டார்கள்.

முடக்கம் நீங்கிய அன்று கனியக்கா மறுபடி வந்தாள். வேறு எங்கே போவாள், இனி அவளுக்கு வாசிப்பு இல்லை. நியூ தென்றலின் டிரம்ஸ்கூட மண்டபத்துச் சாமான் அறையில்தான் கிடந்தது.

"எடுக்க முடியாதுக்கா. சேக்கத்தான் முடியும்" என்றாள் வடிவு.

கனியக்கா கட்டுரையை முதல்முறையாக முழுதாகப் படித்தாள். கண்ணாடியை ஏற்றி ஏற்றிவிட்டுப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். "'பெண்மையின் மென்மையும் ராக் இசையின் வேகமும் இழைந்தோடிய குழு.' யாருட்டி மென்மை?"

"ஒரு விமர்சகர் எழுதியிருந்தாருக்கா."

"அவன் கச்சேரிக்கு வந்தானா? ஃப்ளோரா மைக்கால அடிச்சு ஒருத்தனுக்குப் பல்லு போச்சு. தெரியுமா?"

வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அச்சுல வந்துச்சா?"

"போலீஸ் கேஸே ஆச்சு. பேப்பர்ல போட்டான்."

"எந்தப் பேப்பர், எந்த மாசம்? கம்பெனிக்காரனே பொறுக்க முடியாம அணைக்கணும்க்கா. அவன் உரிமம் போனா தடையும் போயிரும்லா."

அதன்பிறகு கனியக்கா சொல்லச் சொல்ல வடிவு நூலகத்துக்கும் மண்டபத்துக்கும் அலைந்தாள். ரசிகர் மன்றத்துப் பெரியவர்கள் வருஷக்கணக்காக மூடி மறைத்த அத்தனையும் பழைய தாள்களில் பத்திரமாக இருந்தது. ஃப்ளோரா பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் இருப்பவர்களைப் பேர் சொல்லித் திட்டுவாள். நிஷாவும் செண்பகாவும் மேடையிலேயே சண்டை போட்டு, சமாதானம் ஆகும்வரை கூட்டத்தைக் காக்கவைப்பார்கள். இன்ன பாட்டு பாடுங்கள் என்று யாராவது சீட்டு அனுப்பினால் அந்தப் பாட்டை மட்டும் பாட மாட்டார்கள். ஜெபக்கனி தலையசைக்காமல் எந்தப் பாட்டும் தொடங்காது. ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு. நிருவாகிகள் முகத்தைச் சுளித்தார்களே தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

"முக்கியமான ஒண்ண விட்டுட்டேன்" என்றாள் கனியக்கா ஒருநாள். "முன்வரிசையில சோபா கிடந்தா வாசிக்க மாட்டோம்."

"சோபாவா?"

"ஊரே மண்ணுல நிக்கும், நாலு பெரிய மனுசன் மட்டும் சோபாவுல சாஞ்சிருப்பான். நான் மேடைய விட்டு இறங்கிப் போயி, எந்திரின்னு சொல்லுவேன். எந்திரிச்சாத்தான் குச்சியத் தொடுவேன். அந்த வார இதழ் பேட்டியிலேயே சொல்லியிருப்பேனே. நீ பாக்கலையா?"

வடிவு பார்த்திருந்தாள். நன்றாக இருக்காது என்று எழுதாமல் விட்டிருந்தாள். "ஆனா அக்கா, நம்ம மண்டபத்துல எத்தன கல்யாணத்துக்கு நீங்க சோபாவுக்கு முன்னால வாசிச்சிருக்கீங்க."

"வயிறு இருக்குல்லாட்டி" என்றாள் கனியக்கா.

சோபா வரி கட்டுரையில் ஏறிய மறுநாள் தவசிமுத்து அண்ணாச்சி மகள் வரவேற்பு. மாலையில் மண்டபம் கொள்ளவில்லை. முன்வரிசையில் வெள்ளைத் துணி விரித்த சோபாக்கள். அதைப் போட்டதும் வடிவுதான், அது அவள் வேலை. நடுச் சோபாவில் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், அவருக்கு இரண்டு பக்கமும் அவருடைய ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சனம். மேடையின் ஒரு பக்கம் மணமக்கள், மறுபக்கம் நகலுக்கான இடம். கனியக்கா பந்தி மண்டப வாசலில், வெளியேயும் இல்லாமல் உள்ளேயும் இல்லாமல் நின்றாள். வேடிக்கை பார்க்கத் தடை இல்லை.

விளக்கு அணைந்து எரிந்தது. மூன்று பேருக்குப் பதிலாக நாலு பேர் நின்றார்கள். கூட்டம் விசிலடித்தது. டிரம்ஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்த முடியோடு, இருபத்தைந்து வயது ஜெபக்கனி. வடிவு லாரி மேல் நின்று பார்த்த அதே ஆள். பக்கத்தில் நின்ற கனியக்காவின் கை வடிவின் தோளைப் பிடித்தது. வலித்தது.

நகல் ஜெபக்கனி முடியை ஒதுக்கிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். எழுந்தாள். மேடை விளிம்பு வரை வந்தாள். அதற்குமேல் வெளிச்சம் போகாது.

"ஏ, வெள்ளச்சட்ட. நீ எதுக்குச் சாஞ்சு கிடக்க?"

சட்டமன்ற உறுப்பினர் தன்னைத்தான் சொல்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் நிறச்சட்டைக்காரர்கள்.

"உன்னத்தான். எந்திரி. சோபாவ எடுத்தாத்தான் வாசிப்பு."

கூட்டம் சிரித்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் வேர்த்தது. அவர் எழுந்து மேடைப்பக்கம் வந்து வெளிச்சத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எம்மா, பெரியவங்க. அப்படிச் சொல்லக் கூடாது. ஒரு பாட்டு பாடிருங்க."

"கால் சுகமில்லாதவருன்னா இருக்கட்டும், நாற்காலி குடுங்க" என்றாள் நகல். "சோபா ஆகாது."

நகல் ஃப்ளோரா மைக்கைப் பிடித்தாள். "அண்ணாச்சி, அவருக்குக் காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போன தடவை ஓட்டுக் கேட்டு எங்க தெருவுல ஓடுனாரே" என்றாள். எந்தத் தடவை, எந்தத் தெரு என்று நகலுக்கு என்ன தெரியும். வாய்க்கு வந்ததைச் சொல்வாள் என்று களஞ்சியத்தில் இருந்தது, சொன்னாள். நிஷாவும் செண்பகாவும் கிட்டாரைக் கழற்றிவைத்துவிட்டு மேடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

மறுவரவு நிறுவனத்தின் சிவநேசன் ஓடிவந்தார். கழுத்துப்பட்டை கட்டிய சென்னைக்காரர். "மேடம், நீங்கதானே அந்தக் கட்டுரை? அந்த சோபா மேட்டரை உடனே எடுங்க."

"இப்ப எடுத்தாலும் நாளைக்குக் காலையிலதான் சார் மாறும். சான்று வேற இருக்கு. எடுத்தா என்னைய முடக்கிருவாங்க" என்றாள் வடிவு. பொய் ஒரு சொட்டு இல்லை.

சட்டமன்ற உறுப்பினர் எழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் ஒரு வெளிச்சம் சொல்லி அவர் எழுந்தார் என்று நாளைக்கு ஊர் பேசும். அவர் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவரை எழுந்திருக்கச் சொல்ல அண்ணாச்சியால் முடியாது. அவர் கோபித்து எழுந்தால் உப்பளக் குத்தகையும் கூடவே எழுந்து போய்விடும். கடைசியில் உறுப்பினருடைய ஆள் ஒருவன் வந்து சிவநேசனின் கழுத்துப்பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, "அணைக்கியா, நான் அணைக்கட்டா?" என்றான்.

மேடையில் நகல் ஜெபக்கனி சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாங்க யாருக்கு வாசிக்கோம்னா, பின்னால நிக்காங்கல்லா, அந்த..."

சிவநேசன் அணைத்தார்.

மேடையில் ஒன்றும் இல்லை. வடிவுக்கு உள்ளே குதித்தது. அணைத்துவிட்டான். அணைத்தே விட்டான், மடையன். சிவநேசனின் செல்பேசி அலறியது, அவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கனியக்காவின் பையிலும் செல்பேசி அதிர்ந்தது. வடிவே எடுத்துப் படித்தாள். உரிமம் ரத்து, மூலநபர்கள் நால்வர் மீதான தடையும் நீங்கியது.

"அக்கா, போயிருச்சு. நாலு பேருக்கும் போயிருச்சு."

கனியக்கா அழுதுகொண்டிருந்தாள். "பேசிட்டு இருக்கும்போதே அணைச்சுட்டாம்லா" என்றாள். "பாவம்ட்டி அவ."

அதற்குள் அண்ணாச்சி வந்து கனியக்காவின் கையைப் பிடித்தார். "எம்மா கனி, மானம் போகுது. நியூ தென்றல் டிரம்ஸ் இங்கதான கிடக்கு. ஏறி என்னத்தையாவது தட்டு."

டிரம்ஸை நாலு பேர் தூக்கிவந்து போட்டார்கள். கனியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். குச்சியை எடுத்தாள். முன்வரிசையில் சட்டமன்ற உறுப்பினர் காலை நீட்டி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு தொல்லை ஒழிந்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. கூட்டம் காத்திருந்தது. கனியக்கா குச்சியைப் பிடித்தபடியே இருந்தாள்.

வடிவு மேடையோரம் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "வாசிங்கக்கா. அதுக்குத்தான இம்புட்டுப் பாடுபட்டோம்."

"அவ சொன்னது சரிதானட்டி?"

"யாரு?"

"அந்தப் புள்ள." கனியக்கா சோபாவையே பார்த்தாள். "அவ சொல்லிட்டுப் போயிட்டா. நான் இவன் முன்னால இப்ப வாசிச்சேன்னா, அப்புறம் நகல் நாந்தான்."

வடிவுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். இந்த மண்டபத்தில் அவள் சோபா போடாத கல்யாணம் இல்லை. எந்தச் சோபாவில் யார், யாருக்கு எந்தப் பக்கம் மின்விசிறி என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவள் நேராக நடுச் சோபாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"இது மண்டபத்து சோபா. நான் இங்க மேலாளர். எடுக்கணும்."

வேலை போய்விட்டது என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனாலும் சோபாவின் ஒரு முனையைப் பிடித்தாள். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது மணப்பெண், அதுதான் கரிப்பு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற பிள்ளை, பட்டுப்புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தாள். "எந்திரிங்க மாமா" என்றாள். "எனக்குக் கச்சேரி கேக்கணும்."

கல்யாணப் பெண்ணை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் எழுந்தார். ஜூஸ் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மற்றவர்களோடு நின்றார். சோபாக்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளினார்கள். பின்னால் இருந்த சனம் முன்னால் வந்தது.

கனியக்கா குச்சியை மடியில் வைத்துவிட்டுச் செல்பேசியை எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஃப்ளோரா, மெசேஜ் பாத்தியா?"

"பாத்தேன்" என்றது ஒரு குரல். "எவனாவது பொய்யா அனுப்பியிருப்பான்னு அடுப்படியில உக்காந்திருக்கேன்."

"பொய் இல்ல. பாடுட்டி."

"எங்க இருக்க நீ? என்ன சத்தம்?"

"கல்யாண வீட்டுல. எல்லாரும் நிக்காங்க. பாடு."

அந்தப் பக்கத்தில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. வடிவு மேடை மைக்கை எடுத்துச் செல்பேசிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

ஃப்ளோரா தொடங்கினாள். குடிதண்ணீர்ப் பாட்டுதான். குரல் துருப்பிடித்திருந்தது. இரண்டாம் வரியிலேயே உடைந்தது. இருமினாள். மேலே போக வேண்டிய இடத்தில் மூச்சு எட்டவில்லை. அணைந்துபோன நகல் இதை எத்தனையோ மடங்கு நன்றாகப் பாடியிருக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. கனியக்கா தலையசைத்துவிட்டு முதல் அடியைப் போட்டாள். பிறகு, ஃப்ளோரா மூச்சு வாங்குகிற இடமாகப் பார்த்துப் பார்த்து, அவளுக்காக வேகத்தைக் குறைத்து வாசித்தாள்.